தீப்பெட்டி உயரம்

ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. நிற்கும்போது ஒவ்வொன்றும் ஒரு மூச்சு விடுகிறது. புஸ்ஸ்ஸ் என்று, நீளமாக, அடிவயிற்றிலிருந்து. ஏர் பிரேக் சத்தம், அவ்வளவுதான். பக்கத்தில் டீ குடிக்கிறவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் அந்தச் சத்தம் கேட்டால் முழங்கால் இரண்டும் தாமாக நெருங்கிக்கொள்கின்றன, யாரோ ஒருவர் முதுகின் மேல் நான் உட்கார்ந்திருப்பதுபோல.

அப்படி மூச்சு விடலாம் என்று எங்கள் வீட்டில் சொன்னவள் அத்தை, அப்பாவின் தங்கை.

"ரோட்ல லாரி வந்து நிக்கும்போது வுடுதே, அந்த மாதிரி வுடுண்ணா. நின்னாச்சு இல்ல, இனிமே இன்னாத்துக்கு இழுத்துப் புடிச்சுக்கினு கீற?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் முதுகு பிடித்துக்கொண்டது. சிரிப்பும் வலியும் ஒரே முகத்தில் இடம் கேட்டுத் தள்ளிக்கொண்டதை நான் கதவோரமாக நின்று பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. பட்டப்பகல், மூன்றரை மணி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை அனலைக் கொட்டுகிறது, ஆனாலும் சாத்தியிருந்தது. அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டுக் கதவு அப்படித்தான் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, மாசி மாதம். எனக்குப் பத்து வயது. மண்ணூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஆறு வீடு, ஒரே கூரை. முதல் வீட்டில் தும்மினால் ஆறாவது வீட்டில் 'நூறு' என்பார்கள். அப்பா லாரிச் சக்கரத்துக்கு பிரேக் டிரம் வார்க்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். மணல் அடைத்த இரும்புப் பெட்டியைத் தூக்க வேண்டும், இடுப்பைத் திருப்ப வேண்டும், பக்கத்து மேடையில் வைக்க வேண்டும். தூக்கு, திருப்பு, வை. ஏழு வருஷமாக டெம்பரரி. தை மாசக் கடைசியில் பர்மனன்ட் ஆகப்போகிறவர்களின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அப்பா பெயர் இருந்தது. மெடிக்கலில் பாஸ் பண்ணினால் போதும், கையில் ஆர்டர்.

பட்டியல் ஒட்டுவதற்குப் பத்து நாள் முன்னால்தான், பெட்டியைத் திருப்பும்போது, அப்பாவின் இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இடதுபக்கத்தில் ஏதோ ஒன்று இடம் தவறியிருந்தது. சூப்பர்வைசருக்குத் தெரியாது. லைனில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் பட்டியலில் அவர் இடத்துக்கு வேறொரு பெயர் வந்துவிடும். ஆகவே அப்பா எட்டு மணி நேரம் வலி இல்லாதவர்போல் நடந்தார், சைக்கிளில் ஏறினார், வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் கையாட்டினார். வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் அவருடைய உண்மையான நடை வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நடை. அதைப் பார்க்க எனக்குக் கோபமாக இருந்தது. அப்பா ஏன் கிழவர்போல நடக்கிறார்?

பக்கத்து வீட்டு மாமாவுக்கும் அதே கம்பெனியில் வேலை, அதே பட்டியலில் பெயர். ஊரில் உள்ள எல்லாச் செய்தியும் அவர் வாய் வழியாகத்தான் போகும். மெடிக்கலில் என்ன பார்ப்பார்கள் என்று சொன்னதும் அவர்தான்.

"மச்சான், கண்ணு பாப்பாங்க, நெஞ்ச அளப்பாங்க, அதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல. கடைசியா ஒண்ணு கீது பாரு. முட்டிய மடிக்காம குனிஞ்சு கால் வெரலத் தொடணும். தொடலன்னா அவ்ளோதான். என் தொப்பைக்கு நான் எங்க போவேன் சொல்லு."

சொல்லிவிட்டுத் தொப்பையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, நின்று, குனிந்து பார்த்தார். விரல் முழங்காலுக்குச் சற்றுக் கீழே போய் நின்றுவிட்டது. அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். குழம்பில் இரண்டாம் தடவை உப்புப் போட்டாள்.

அத்தை எங்களோடு வந்து சேர்ந்து அப்போது இரண்டு மாதம் இருக்கும். அதற்கு முன் மெட்ராஸில் ஒரு பெரிய வீட்டில், தோள்பட்டை இறுகிப்போன வயதான அம்மாளைக் கவனித்துக்கொள்ளும் வேலை. அந்த அம்மாளுக்கு யோகா சொல்லித்தர வாரத்தில் மூன்று நாள் ஒரு டீச்சர் வருவாராம். முதல் வருஷம் முழுக்க அத்தையின் வேலை, அந்த அம்மாள் பிடித்துக்கொள்ளும் நாற்காலி நகராமல் பார்த்துக்கொள்வது. இரண்டாம் வருஷம் அந்த டீச்சர், "உனக்கும் முதுகு இருக்கு இல்ல, நீயும் செய்" என்றாராம். அப்படி ஆறு வருஷம். அந்த அம்மாள் இறந்துபோனதும் அத்தை ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணம் ஆகி முறிந்தவள். அவளுக்குப் போக வேறு இடமில்லை என்பது பெரியவர்கள் யாரும் பேசாத, எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருவில் முட்டி வலிக்கார மாமி ஒருத்தி, மாதா கோயில் பக்கத்து டீச்சரம்மா ஒருத்தி என்று இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தாள். "இன்னும் நாலு பேரு சேந்தா இங்கயே இருந்துருவேன் அண்ணி" என்று அம்மாவிடம் ஒருநாள் சொன்னாள். அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

எனக்கு அத்தையைப் பிடிக்காது. காரணம் உண்டு. அந்த லைனில் யோகா தெரிந்தவள் என்றால் அது நான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் யோகா டீம் இருந்தது. பி.டி. மாஸ்டர் எட்டுப் பேரைப் பொறுக்கியிருந்தார், அதில் நான்தான் சின்னவள். தாலுகா போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு, பித்தளை மெடல், நீல ரிப்பன். காலைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் போட்டுக்கொண்டு கை கூப்பி உட்காருவேன். மாஸ்டரின் முறை எளிமையானது. உட்கார்ந்து காலை நீட்டிக் குனியச் சொல்வார். நெற்றி முட்டியைத் தொடாவிட்டால் பின்னால் வந்து முதுகின் மேல் உட்கார்ந்துவிடுவார். "வலிச்சாதான் வரும், வந்தாதான் மெடலு" என்பார். மணலில் முகம் புதைய, பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் எண்ணுவதைக் கேட்டபடி கிடப்போம். இருபது வரை. எந்திரித்ததும் கண்ணில் பூச்சி பறக்கும். அழுதவர்களை மாஸ்டர் டீமிலிருந்து எடுத்துவிடுவார். நான் ஒருநாளும் அழுததில்லை, அதில் எனக்குப் பெரிய கர்வம்.

அத்தை வந்த அன்றைக்கே அவள் முன்னால் காலைக் கழுத்தில் போட்டுக் காட்டினேன். அம்மா கை தட்டினாள். பக்கத்து வீட்டு மாமா வாசலிலிருந்து, "இன்னா பாப்பா, உன்ன மடிச்சு டிபன் பாக்ஸ்ல வெச்சுக்கினு போலாம் போல கீதே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை கிட்டே வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். காலைப் பார்க்கவில்லை.

"மூச்சு வுட்டியா கண்ணு?"

"வுட்டேன்."

"இல்ல. கழுத்துல கால் ஏறினதுலேந்து அடக்கி வெச்சுக்கினு கீற."

நான் காலை எடுத்துக்கொண்டு எழுந்துபோனேன். அன்றிலிருந்து பகை.

அப்படிப்பட்டவள்தான் அப்பாவுக்கு யோகா சொல்லித்தருகிறாள். அதுவும் எப்படி? படுக்க வைத்து. அப்பா தரையில் மல்லாந்து படுப்பார். காலைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைப்பாள், மேலே ஒரு மடித்த போர்வை. அவ்வளவுதான். கால் மணி நேரம் அப்படியே. "இப்ப எங்கண்ணா தெரியுது?" என்பாள். "எங்கியும் இல்ல" என்பார் அப்பா. "பொய் சொல்லாத. தரையில முதுகு எங்கெங்க படுதுன்னு பாத்துச் சொல்லு." அப்பா கண்ணை மூடிக்கொண்டு தன்னுடைய முதுகைத் தேடுவார், இருட்டில் தீக்குச்சி தேடுகிற மாதிரி. பிறகு ஒரு காலை மட்டும் மெதுவாக நெஞ்சுப் பக்கம் இழுப்பது, பிறகு மற்றது. சுவரில் கை ஊன்றி இடுப்பைப் பின்னால் தள்ளுவது. படுத்த இடத்திலிருந்து எழ வேண்டுமென்றால் நேராக எழக் கூடாது, பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, தலை கடைசியில் வர வேண்டும். இதை மட்டும் ஒரு வாரம். வலி ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு நூல் முன்னாலேயே நிற்கச் சொல்வாள். ஒரு நூல் முன்னால். அதற்கெதற்கு யோகா? அது எனக்குச் சகிக்கவில்லை.

நான் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். தினமும் பாடம் முடிந்ததும் அப்பாவை நிற்கச் சொல்லி, குனியச் சொல்லி, விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவில் தீப்பெட்டிகளை நிறுத்தி அடுக்கி அளந்தேன். முதல் நாள் ஆறு. ஒரு வாரத்தில் நாலு. பிறகு மூன்று, இரண்டு. அத்தை சொன்னாள்:

"அளக்காத கண்ணு. தரைக்கும் அவருக்கும் இன்னா சண்டையா? வலி கொறஞ்சுதான்னு கேளு, போதும்."

வலி குறைந்திருந்தது. சுவரைப் பிடிக்காமல் நடந்தார், சைக்கிளில் ஏறும்போது உதட்டைக் கடிக்கவில்லை. ஆனால் அப்பா அத்தைக்குத் தெரியாமல் என்னிடம் கண்ணால் கேட்பார், எத்தனை? நான் விரலால் காட்டுவேன். மெடிக்கலுக்கு முந்தின சனிக்கிழமை ஒரு விரல் காட்டினேன். ஒரே ஒரு தீப்பெட்டி உயரம். அதற்குப் பிறகு இறங்கவில்லை. எத்தனை மூச்சு விட்டும் அந்த ஒரு தீப்பெட்டி அங்கேயே நின்றது.

பக்கத்து வீட்டு மாமா அன்று சாயங்காலம் கதவைத் தட்டினார். "இன்னா மச்சான், மூணு வாரமா கதவ சாத்திக்கினு கீற. லைன்ல கேக்குறாங்க. சூப்பர்வைசர் வேற என்னாண்ட கேட்டான், அவனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பாவும் சிரித்தபடி கதவை முழுசாகத் திறந்து, நிமிர்ந்து நின்று, அவரோடு பேசினார். அவர் போன பிறகு அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. தண்டலத்தில் ஒரு காதுகுத்து, அம்மா காலையிலேயே போய்விட்டாள். அத்தை விடிந்ததும் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டதும் சன்னதித் தெரு மாமி வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"இன்னிக்கு ஒண்ணும் செய்யாதண்ணா. காலத் தூக்கி ஸ்டூல்ல வெச்சுக்கினு படு. நாளைக்கு குனியச் சொன்னா முட்டிய கொஞ்சம் தளத்திக்கோ. எவ்ளோ போவுதோ அவ்ளோ. வெரல் தரையத் தொடலன்னா ஒலகம் ஒண்ணும் முங்கிடாது."

"சரிம்மா, நீ போ" என்றார் அப்பா.

அவள் தலை மறைந்தது. கூரை சூட்டில் டக் டக்கென்று விரிந்தது. அப்பா எழுந்து நின்று குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். ஒரு தீப்பெட்டி. என்னைப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்து கணக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன், ஆனால் எழுதவில்லை, அவருடைய விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்க மாஸ்டரு எப்படிம்மா வர வெப்பாரு?"

மூன்று வாரமாக நான் காத்திருந்த கேள்வி. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்டதுபோல. சொன்னேன். முழுக்கச் சொன்னேன். காலை நீட்டி உட்கார வேண்டும், முட்டி மடங்கக் கூடாது, பின்னால் ஒருவர் உட்கார வேண்டும், இருபது எண்ண வேண்டும். "வலிச்சாதான்பா வரும்."

அப்பா கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து காலை நீட்டினார். கையை முன்னால் கொண்டுபோனார்.

"நீ கொழந்தை, ஒனக்கு இன்னா வெயிட்டு கீது. ஏறி ஒக்காரு."

ஏறினேன். அப்பாவின் முதுகு சூடாக, அகலமாக, மணல் வாசனையோடு இருந்தது. முதலில் பயந்துபயந்து உட்கார்ந்தேன். பத்து எண்ணினேன். விரல் போய்க் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத் தாண்ட மாஸ்டர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கடைசி ஐந்து எண்ணும்போது இரண்டு முட்டியையும் முதுகில் ஊன்றி, எழும்பி, முழு எடையோடு ஒரு அமுக்கு. பதினாறு. பதினேழு. அப்பா மூச்சு விடவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் அடக்குவதுபோலவே அவரும் அடக்கியிருந்தார். பதினெட்டு. எழும்பி அமுக்கினேன்.

விரல் தொட்டது. கட்டை விரலைப் பிடித்தேவிட்டார். "வந்துச்சுப்பா, வந்துச்சு" என்று நான் இறங்கினேன்.

அப்பா நிமிரவில்லை.

குனிந்தபடியே இருந்தார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அப்புறம் அவருடைய காதோரத்திலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுவதைப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அப்பா வாயைத் திறக்காமல் பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்தார். அப்படியே சுருண்டு கிடந்தார். என் கையைப் பிடித்தார். பிடி வலித்தது.

"அத்தையாண்ட சொல்லாத. அம்மாவாண்டயும் சொல்லாத. கொடம் தூக்கனேன், புடிச்சுக்கிச்சு. இன்னா?"

"சரிப்பா."

"அழாத. வெளிய கேக்கும்."

நான் அழவில்லை. அழாமல் இருக்கத்தான் எனக்கு நன்றாகத் தெரியுமே.

அத்தை ஐந்து மணிக்கு வந்தாள். வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு ஓடிவராமல், மெதுவாக வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னா ஆச்சுண்ணா?"

"கொடம் தூக்கனேம்மா."

"எந்தக் கையில?"

"வலது கையில."

அத்தை திரும்பி மூலையைப் பார்த்தாள். விடியற்காலை அவள் பிடித்து வைத்த இரண்டு குடமும் கழுத்து வரை நிரம்பி, மேலே வைத்த தட்டுக்கூட அசையாமல், இருந்தன. அங்கிருந்து அவள் கண் என்னிடம் வந்தது. நான் கணக்கு நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தாளோ. அவளுக்குத் தெரியவில்லை என்றே நான் நினைத்தேன். தெரிந்திருந்தால் அடித்திருப்பாளே, கேட்டிருப்பாளே, குடம் நிறைந்திருக்கிறதே என்று சொல்லியிருப்பாளே. அவள் எழுந்துபோய் வெந்நீர் வைத்தாள்.

அதன் பிறகு அவள் செய்ததெல்லாம் மிகச் சின்னச் சின்னக் காரியங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து முட்டிகளுக்கு நடுவில் தலையணை. முதுகில் துண்டுச் சூடு. எங்கே தெரிகிறது என்றுகூடக் கேட்கவில்லை. அப்பாவின் மூச்சு மேல்நெஞ்சில் கிழிந்து கிழிந்து ஓடியது. அது இறங்கி வயிற்றுக்கு வரும் வரை அவள் பக்கத்தில் தன் மூச்சை அப்பாவுக்குக் கேட்கும்படி விட்டுக்கொண்டிருந்தாள். அம்மா காதுகுத்திலிருந்து பலகாரப் பையோடு வந்து, பார்த்து, பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

திங்கட்கிழமை காலை அப்பா எழுந்தார். எழுந்தார் என்றால், அத்தை சொன்னபடி புரண்டு, கை ஊன்றி, சுவரைப் பிடித்து ஏறி. சைக்கிள் முடியாது. வயிற்றில் துண்டை இறுக்கிக் கட்டி, மேலே இஸ்திரிச் சட்டை. பக்கத்து வீட்டு மாமா கூப்பிட வந்தபோது, "நீ முன்னால போ மச்சான், நான் பஸ்ல வரேன், சைக்கிள் பஞ்சரு" என்றார். அந்த முகத்தை யார் பார்த்தாலும் நம்பியிருப்பார்கள்.

அன்று பள்ளிக்கூடத்தில் நான் என்ன செய்தேன் என்பது நினைவில்லை. வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு மாமா லைன் முழுக்க லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பா படுத்திருந்தார். கதவு திறந்தே இருந்தது, இனி சாத்தி என்ன ஆகப்போகிறது?

"கால் வெரலா? எவன் கேட்டான் அதெல்லாம்?" மாமா லட்டை அம்மா கையில் வைத்தார். அவர் குரலில் கேலி போய்விட்டிருந்தது. "எனக்கு எவனோ தப்பாச் சொல்லிட்டான் மச்சான். பெஞ்சு மேல ஏறிப் படுன்னாரு டாக்டரு. வயித்த அமுக்கிப் பாத்தாரு. எந்திரின்னாரு. கண்ணு பாத்தாரு, போன்னாரு. இவ்ளோதான். இவன் படுத்தான் தங்கச்சி, எந்திரிக்க முடில. டாக்டரே புடிச்சுத் தூக்க வேண்டியதாப் போச்சு."

படுத்து எழுவது. அத்தை ஒரு வாரம் முழுக்க அதை மட்டும்தானே சொல்லிக்கொடுத்தாள். சனிக்கிழமை வரை அப்பா அதைத் தூக்கத்தில்கூடச் செய்திருப்பார்.

மாமா போனதும் அம்மா அத்தையைப் பார்த்து வெடித்தாள். ஏழு வருஷத்தை ஒரே மூச்சில் பேசினாள். "மூணு வாரமா கதவ சாத்திக்கினு இதான் பண்ணியா? படுத்துக்கினு மூச்சு வுட்டா முதுகு சரியாவும்னு எவ சொன்னா ஒனக்கு? நல்லா நடந்துக்கினு இருந்த மனுசன இப்படிப் படுக்க வெச்சிட்டியே. வைத்தியரா நீ? நாற்காலி புடிச்சவதானே?"

அத்தை அண்ணனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். குடம் இல்லை, வேறு ஒன்று என்று அவர் சொன்னால் போதும். அப்பா சுவர்ப் பக்கம் பார்த்துக் கிடந்தார். நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன், நாக்கு மேலண்ணத்தைவிட்டுப் பிரிந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

அம்மாவின் சத்தம் ஆறு வீட்டுக்கும் கேட்டது. மறுநாளே டீச்சரம்மா, தனக்கு இப்போது நேரமில்லை என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள். அதற்கடுத்த நாள் மாமியும். அப்பா மூன்று மாதத்தில் தேறினார், அடுத்த வருஷப் பட்டியலில் பர்மனன்ட் ஆனார், ரிடையர் ஆகும் வரை அதே கம்பெனி. தேறியதற்குக் காரணம் தினமும் ஸ்டூலில் கால் வைத்துப் படுத்ததுதான். யாரும் அதைச் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அத்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தங்கியதே இல்லை. கல்யாணம் காரியம் என்றால் வருவாள், சாப்பிடுவாள், கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிப்பாள். அப்பா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தன் தங்கையை விட்டுக்கொடுத்தாரா, தன்னைக் காப்பாற்ற என்னைச் சாக்காக வைத்துக்கொண்டாரா என்று நான் அவரிடம் கடைசி வரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் மூச்சைத்தான் அடக்கியிருப்பார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை அத்தை தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப் வரை பையைத் தூக்கிக்கொண்டு போ என்று அம்மா என்னை அனுப்பினாள். வழியெல்லாம் என் மனதில் இருந்ததெல்லாம் ஒன்றுதான்: தப்பித்துவிட்டேன். இவள் போய்விட்டால் இனி யாருக்கும் தெரியாது. அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை என்பதை இப்போது நினைத்தால் காது சுடுகிறது. பக்கத்தில் பெட்டியோடு நடந்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணியிலிருந்தே எல்லாம் தெரியும் என்பதோ, தெரிந்தும் அவள் சொல்லாத ஒரு வார்த்தைக்குள்தான் நான் பத்திரமாக நடந்துகொண்டிருக்கிறேன் என்பதோ, அந்தக் குழந்தைக்கு எட்டவேயில்லை.

பஸ் வந்தது. கண்டக்டர் பெட்டியை வாங்கி உள்ளே தள்ளினார். படியில் ஏறியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிக் குனிந்தாள். என் முகத்துக்கு நேராக அவள் முகம்.

"நாளைலேந்து அப்பா எந்திரிக்கும்போது நீ போயி பக்கத்துல நில்லு கண்ணு. தூக்காத, அவரே எந்திரிப்பாரு. பயந்துக்கினு மட்டும் நிக்காத, அது அவுரு முதுகுக்குத் தெரிஞ்சிரும்."